பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பயணம்: முதல்முறை தனியாக வெளிநாடு சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் குமரி மாவட்டத் தக்கலைப் பக்கம் வெளிநாடு என்பது அதிசயமே இல்லை. தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார். லீவு முடிந்து திரும்பும்போது முப்பது கிலோ அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து, மார்க்கரால் பெயரும் பின்கோடும் எழுதி, கார் தலையில் ஏற்றுவார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். ஆனால் வேலைக்கும் இல்லாமல், சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நாட்டுக்கு, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர்சுற்றப் போகிறேன், அதுவும் ஒற்றைக்கு என்று நான் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: “வெளிநாட்டுக்குப் போறவன் சம்பாதிக்கப் போவான். நீ கையில உள்ளதச் செலவழிக்கவாக்கும் போற?”

ஆமாம், அதற்குத்தான். நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 31 வயதில், 2024 பிப்ரவரி கடைசியில், பதினேழு நாள் வியட்நாம் போய்வந்தேன். பயணம் பதினேழு நாள். தயாரானது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் போன நாட்டை வைத்துச் சொன்னாலும் பெரும்பாலானவை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

தனியாகப் போவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில். பெரிய பையோடு நிற்கிறேன், கழிப்பறைக்குப் போக வேண்டும். வழக்கமாக அம்மாவிடமோ தங்கையிடமோ “பையப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டு ஓடுவேன். அன்று யாரும் இல்லை. பையோடு உள்ளே போய், நனைந்த தரையில் இறக்கி வைக்க மனம் வராமல், தோளில் மாட்டியபடியே… மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எல்லா முடிவுகளையும் ஒரே கேள்வியை வைத்து எடுத்தேன்: பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் இது தாங்குமா?

ஆறு மாதம் முன்னால்: நாடும் பருவமும்

முதல் பயணத்துக்கு மூன்று விஷயம் பாருங்கள். விசா வீட்டிலிருந்தே எடுக்க முடிய வேண்டும். பொதுப் போக்குவரத்து நன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் திட்டம் குலைந்து கூடுதலாகத் தங்க நேர்ந்தால் பர்ஸ் கிழியக் கூடாது. வியட்நாம் மூன்றிலும் தேறியது.

தென் அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ ஆசை இருந்தால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளாக இந்தியா பட்டியலிட்டிருக்கும் இடங்களிலிருந்து திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பெருவும் கென்யாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பிறகு ஆயுளுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அதற்கென்று அரசு அங்கீகரித்த மையங்கள் இருக்கின்றன. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. குமரியிலிருந்து சென்னைக்கு ஒரு நடை என்பது நமக்குத் தெரியாததா, கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பருவத்தை இணையத்தில் ‘சிறந்த மாதம்’ என்று தேடி முடிவு செய்யாதீர்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது; பத்துக் கிலோமீட்டரில் மழை மாறுவது நமக்குப் பழக்கம். வியட்நாமும் அப்படித்தான். நீளமான நாடு, வடக்கே டிசம்பர், ஜனவரியில் ஜாக்கெட் வேண்டும், அதே நாளில் தெற்கே வெயில் கொளுத்தும். நடுவில் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும் ‘தெத்’ புத்தாண்டில் பஸ், ரயில் எல்லாம் நிறைந்துவிடும், கடைகள் பூட்டிவிடும். தெற்கிலிருந்து வடக்குவரை ஒரே வீச்சில் போக பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தோது.

பாஸ்போர்ட்: செல்லுபடியை விடப் பெயரைப் பாருங்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு: பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. தட்கல் என்றால் மேலே 2,000. திருநெல்வேலி சேவா மையத்தில் நேரம் எடுத்துக்கொண்டு போகலாம். பிறகு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். இருப்பவர்கள், பயணம் முடியும் தேதிக்கு மேல் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான தலைவலி பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போயிருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கதவடைத்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் திண்டாடினார்கள்.

என்ன செய்ய வேண்டும்? பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கும். அதைத்தான் இயந்திரம் படிக்கிறது. அதில் எந்தப் பெயர் முன்னால், எது பின்னால், எழுத்து என்ன என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். விசா, டிக்கெட், காப்பீடு, விடுதி எல்லாம் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். நான் வியட்நாம் இ-விசாப் படிவத்தில், எப்போதும்போல அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக அடித்துவிட்டேன். கட்டிய 25 டாலர் திரும்பி வராது. மறுபடி 25 டாலர் கட்டிப் புதிதாக எடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன், விமான நிறுவனத்திடம் அந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்று சொல்கிறது.

நாலு மாதம் முன்னால்: டிக்கெட், அப்புறம் விசா

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம். இரணியலிலோ குழித்துறையிலோ ரயில் ஏறினால் போதும். அங்கிருந்து கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போகலாம். கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானமும் 2023-இல் தொடங்கினார்கள். நான் இரண்டு விமானம் மாறித்தான் போனேன்.

இரண்டு தனித்தனி டிக்கெட் சேர்த்துப் போட்டால் மலிவாகத் தெரியும். முதல் பயணத்தில் அது வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லக்கேஜ் போட்டிருந்தால் நடுவில் விமானம் மாறும் நாட்டுக்குள் நுழைந்து எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விதியும் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் இரவெல்லாம் பெஞ்சில் மாறி மாறித் தூங்கலாம். ஒற்றைக்கு அது நடக்காது.

ஒரே டிக்கெட்டில் ஒரு நகரத்தில் இறங்கி வேறொரு நகரத்தில் ஏறும்படி போடுங்கள். நான் தெற்கே ஹோ சி மின் நகரத்தில் இறங்கி வடக்கே ஹனோயில் ஏறினேன். இரண்டுக்கும் இடையே ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். வந்த வழியே திரும்பும் செலவும் நாளும் மிச்சம்.

விசாவுக்கு ஏஜென்ட் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாம் எல்லா நாட்டினருக்கும் 90 நாள் இ-விசா தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட நாலைந்து தளங்கள் மேலே வரும். முகவரியின் முடிவில் வியட்நாம் அரசின் குறியான ‘.gov.vn’ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். படம் கண்ணாடி போடாமல் எடுத்ததாக இருக்கட்டும். எந்த விமான நிலையம் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள். டிக்கெட்டில் உள்ளதையே எழுதுங்கள். வந்த விசாவைக் காகிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். போனில் சார்ஜ் இல்லை என்ற கதையைக் கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

தங்குமிடம் முதல் இரண்டு இரவும் கடைசி இரவும் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். நடுவில் உள்ளதைப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். தனியாகப் போவதில் உள்ள ஒரே பெரிய சுகம், பிடித்த ஊரில் இன்னொரு நாள் இருந்துவிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான். அதையும் முன்பதிவு போட்டுக் கெடுப்பானேன்?

பணம்: ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

யூபிஐயை நம்பிப் போகாதீர்கள். கார்டு இரண்டு, இரண்டு வெவ்வேறு வங்கியுடையது வேண்டும். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலிலேயே அணைந்துதான் இருக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. ஆப்பில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். நான் மூன்றையும் திறந்தேன், ஆப்பும் பச்சை காட்டியது. ஹோய் ஆனில் ஒரு ஏடிஎம்மில் என் முதல் கார்டு மூன்று தடவை மறுத்தது. வங்கியின் பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பையின் அடியில் சாக்ஸுக்குள் இருந்த இரண்டாவது கார்டு காப்பாற்றியது.

ஓடிபி எல்லாம் இந்திய சிம்முக்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்து சிம்மைப் போனிலேயே வைத்திருங்கள். இணையத்துக்கு இ-சிம்மோ அங்கே வாங்கும் சிம்மோ போட்டுக்கொள்ளலாம்.

ரொக்கமாக 200, 300 டாலர் போதும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோக விதி இடம் தருகிறது, ஆனால் அவ்வளவையும் இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா? கிழிசல், பேனாக் கிறுக்கல் இல்லாத நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். ரூபாயும் கொஞ்சம் வைத்திருங்கள், திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் ஆட்டோவுக்கு வேண்டும். 25,000 வரை கொண்டுபோகலாம்.

ஏடிஎம்மோ கடை மெஷினோ ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம் என்றே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான் மாற்று விலை.

செலவு: விமான டிக்கெட் தவிர எனக்கு ஒரு நாளைக்குச் சராசரி 2,200 ரூபாய் ஆனது. டார்மிட்டரியில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறையில், ஒரு படுக்கை 600 ரூபாய் அளவில், ஒரு கிண்ணம் ‘ஃபோ’ சூப் 150, 180. கடைசி நேர அவசரத்துக்கென்று 30,000 ரூபாயைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வைத்தேன். தொடாமலே திரும்பியும் கொண்டுவந்தேன்.

உடம்பு, காப்பீடு, பைக்

இரண்டு மாதம் முன்னால் டாக்டரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். பல் டாக்டரையும் ஒரு எட்டுப் பாருங்கள். சொத்தைப் பல் ஊரில் சும்மா கிடந்து இரவு பஸ்ஸில்தான் எழுந்து உட்காரும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். பாலிசியில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டி விழுந்தால் பணம் தர மாட்டோம் என்று இருக்கும். வியட்நாமில் இது நம்மை நேராகக் கடிக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி தருவது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்து அனுமதியை. அதே புத்தகம் தாய்லாந்தில் செல்லும், வியட்நாமில் செல்லாது. வாடகைக்கு பைக் கொடுப்பவர் இதைச் சொல்ல மாட்டார், சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். பதினெட்டு வயதிலிருந்து தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் நான், கை துறுதுறுத்தது. ஆனாலும் ஹா ஜியாங் மலைப்பாதையில் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால்தான் உட்கார்ந்தேன். மூன்று நாள் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன், குழியைப் பார்க்க வேண்டிய வேலை அவருக்கு.

பை: 13 கிலோ 400 கிராமிலிருந்து 6 கிலோ 800 கிராமுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாற்பது லிட்டர் பை வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெரிய பை வாங்கினால் நிரம்பும்வரை கை ஓயாது. இடுப்புப் பட்டை கட்டாயம். எடை தோளில் அல்ல, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். மேலிருந்து மட்டும் திறக்கும் பையை விடப் பெட்டிபோல முழுதாகத் திறக்கும் பை நல்லது, டார்மிட்டரி இருட்டில் துழாவ வேண்டாம். மலிவு விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான். லக்கேஜ் போடாவிட்டால் தொலையவும் வழியில்லை.

முதல் தடவை கட்டி முடித்துத் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குத் தூக்கிப்போனேன். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தேன். 13 கிலோ 400. கடைக்கார அண்ணன், “எந்த ஊருக்குக் குடி போற?” என்றார். வீட்டுக்கு வந்து பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு ஜீன்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ. டர்க்கி டவல், நனையாமலே அரைக் கிலோ. அம்மா எனக்குத் தெரியாமல் உள்ளே சொருகியவை: ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். எண்ணெய் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள், ஊறுகாயையும் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னதற்கு, “பின்ன தலைக்கு என்ன தேப்ப?” என்று கேட்டாள். நூறு மில்லி பாட்டிலில் சமாதானம் ஆனோம். சிப்ஸில் கால் கிலோவை விட்டுவைத்தேன். நல்ல வேளை, அதை நீட்டித்தான் டார்மிட்டரியில் முதல் சிநேகிதம் பிடித்தேன்.

கடைசியில் போனவை: மூன்று மேல்சட்டை, இரண்டு பேண்ட், ஒரு நைட் டிரெஸ், ஒரு மெல்லிய ஜாக்கெட், ஒரு பருத்தி ஷால். ஷால் போர்வையாகும், தலையணையாகும், டார்மிட்டரிப் படுக்கைக்குத் திரையாகும். ஐந்து செட் உள்ளாடை. டவலுக்குப் பதில் நம்மூர்த் துவர்த்து. வெளிநாட்டுப் பயணக் கடைகளில் ‘சீக்கிரம் காயும் துண்டு’ என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். நம் ஈரிழைத் துவர்த்து அதைவிட வேகமாகக் காயும். கொடிக்கயிறு இரண்டு மீட்டர், கிளிப் நாலு, துணி சோப்பு ஒரு கட்டி. சின்னப் பூட்டு ஒன்று, டார்மிட்டரி லாக்கருக்கு. பழகிய ஷூ, புது ஷூவைப் போட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் கால்விரல் இப்போதே வலிக்கிறது. மாதவிலக்குக்கு வேண்டியதை உங்கள் வழக்கப்படி முழுக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இதில் எடை பார்க்க வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. நூறு வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-ஹவர். அங்கே 220 வோல்ட் மின்சாரம், நம் இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும்.

உடம்பின் முன்பக்கம் மாட்டும் சின்னப் பை ஒன்று. பாஸ்போர்ட், போன், ஒரு கார்டு, அன்றைய பணம் அதில். அது உடம்பை விட்டு இறங்கவே கூடாது, குளிக்கும்போதும் கதவுக் கொக்கியில் தொங்கட்டும். பாஸ்போர்ட் நகல் இரண்டும், படம் நாலும், இரண்டாவது கார்டும், நூறு டாலரும் பெரிய பையில். எல்லாக் காகிதத்தின் படமும் மின்னஞ்சலில்.

ஒரு மாதம் முன்னால்: ஒத்திகை

பலர் விடும் படி இது. இரண்டு ஒத்திகை செய்தேன்.

ஒன்று, முழுப் பையோடு நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு நடந்தேன். இருபது கிலோமீட்டர். கொட்டாரம் வரும்போது இடது தோள் பட்டை அறுத்தது. பட்டையை எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அங்கேதான் படித்தேன். வழியில் ஒரு டீக்கடையில் பையை மடியில் வைத்துக்கொண்டே குடிக்கப் பழகினேன். டீக்கடைக்காரர் நான் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்தார்.

இரண்டு, வர்க்கலையில் டார்மிட்டரியில் இரண்டு இரவு. திருவனந்தபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். முன்பின் தெரியாத ஏழு பேர் மூச்சுவிடும் அறையில் தூங்க வருமா, அடுத்த படுக்கையில் அலாரம் அடித்தால் எரிச்சல் வருமா, லாக்கர் சாவியை எங்கே வைப்பீர்கள் என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எனக்குக் காதுக்குப் பஞ்சு வேண்டும் என்று தெரிந்தது. பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, காலை ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஹனோயிலிருந்து அது முடியாது.

போனையும் ஒத்திகை பாருங்கள். வரைபடத்தையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் வியட்நாமியத்தையும் இறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நாலு சொல் போதும்: ‘சின் சாவ்’ வணக்கம், ‘காம் அன்’ நன்றி, ‘கோம்’ இல்லை, ‘சாய்’ சைவம். ராகம் மாறினால் பொருள் மாறும் மொழி, ஆகவே விலையை எப்போதும் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சைவக்காரர்கள் ‘சாய்’ என்ற பலகை போட்ட கடைக்கே போங்கள். மற்ற இடங்களில் கீரைப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள்.

வீட்டில் சொல்வது

விசா, டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நான் முதல் மாதமே சொல்லிவிட்டேன். அம்மா, “அங்க நமக்கு ஆரு இருக்கா மக்களே?” என்று ஆரம்பித்து இரண்டு வாரம் அதையே கேட்டாள். அந்தக் கேள்விக்கு வாதம் பதில் ஆகாது, காகிதம்தான் பதில். ஒரு தாளில் எழுதி அடுக்களையில் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன்: விமான எண்கள், முதல் விடுதியின் முகவரி, பாஸ்போர்ட் எண், காப்பீட்டு எண், இந்தியத் தூதரகம் ஹனோயில், துணைத் தூதரகம் ஹோ சி மின் நகரத்தில். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் எழுதிக்கொடுத்துத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கித் திரும்பலாம் என்பதையும் அப்பாவுக்கு விளக்கினேன். அங்கே போலீஸ் 113, ஆம்புலன்ஸ் 115.

பேசும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நம் ஒன்பது மணி என்றால் அங்கே பத்தரை. ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் பதற வேண்டாம், இரண்டாம் நாளும் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் தாளில் இருக்கட்டும். இந்த ஒரு வரியில்தான் அம்மா அடங்கினாள்.

கிளம்பும் நாள்

மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசு சரிபார்க்க வேண்டும் என்ற குறி) என்று இருக்கும். சுற்றுலாவுக்குப் போக அது தடையில்லை, ஆனால் கேள்வி கூடுதலாக வரும். கேள்வி எல்லாருக்கும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்போடியா, லாவோஸ், மியான்மரில் வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த சம்பவங்களுக்குப் பிறகு, மத்திய அரசே எச்சரிக்கை விட்டிருக்கிறது. புதுப் பாஸ்போர்ட்டோடு, அந்தத் திசைக்கு, ஒற்றைக்குப் போகும் ஆளைக் குடிவரவு அதிகாரி நிறுத்திக் கேட்பது நியாயம்தான். என்னிடம் கேட்டவை: யார் பணம் கட்டினார்கள், எங்கே தங்குகிறீர்கள், என்ன வேலை, எப்போது திரும்புவீர்கள். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு, அலுவலகத்தின் லீவுக் கடிதம், மூன்று மாத வங்கி அறிக்கை எல்லாம் ஒரே கவரில் வைத்து நீட்டினேன். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், கதை சொல்லாதீர்கள். ‘அங்கே ஒருத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்’ என்பது உண்மையாகவே உங்கள் கதையானால், ஏர்போர்ட்டிலிருந்தே வீட்டுக்குத் திரும்புங்கள்.

இறங்கிய முதல் மணி நேரம்

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் மூன்று வேலை: சிம், பணம், வண்டி. சிம் போட்டு இணையம் வந்ததும் வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப். ஏடிஎம்மில் முதல் நாள் செலவுக்கு மட்டும் எடுங்கள். வண்டிக்கு, டாக்ஸி அழைக்கும் கிராப் ஆப்; விலை முன்னாலேயே தெரிந்துவிடும், வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்களோடு பேச வேண்டாம்.

நோட்டைக் கவனியுங்கள். வியட்நாமில் சில்லறை என்பதே ஆயிரத்தில்தான். சுமார் 300 டாங் நமக்கு ஒரு ரூபாய். நான் வைத்துக்கொண்ட வாய்ப்பாடு: மூன்று பூஜ்யத்தை அழி, மூன்றால் பெருக்கு, பத்தில் ஒன்று சேர். ஒரு லட்சம் டாங் என்றால் 300, அதோடு 30, ஆக 330 ரூபாய். இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இரவு வெளிச்சத்தில் இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தைக் கொடுத்தால் ஆயிரத்து அறுநூறு ரூபாய் போச்சு. ஐந்து லட்சம் நோட்டைத் தனி அறையில் வையுங்கள்.

விடுதியில் பாஸ்போர்ட் கேட்பார்கள், தங்குபவர்களைப் பதிவு செய்வது அங்கே சட்டம். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள். ரோட்டைக் கடப்பதற்கும் ஒரு முறை உண்டு: நாகர்கோவில் வேப்பமூடு ஜங்ஷனில் ஓடிக் கடப்பதுபோல ஓடாதீர்கள். கையை லேசாக உயர்த்தி, ஒரே வேகத்தில், நிற்காமல் நடந்தால் பைக்குகள் உங்களைச் சுற்றிப் போய்விடும். ஓடினாலும் பின்வாங்கினாலும்தான் இடிக்கும்.

முதல் நாள் பெரிதாகத் திட்டம் வேண்டாம். பக்கத்தில் எங்காவது அரைநாள் போய்வாருங்கள். நான் கூச்சி சுரங்கப் பாதைகளுக்குப் போனேன், போர்க்காலத்தில் மண்ணுக்கடியில் மனிதர்கள் வாழ்ந்த வளைகள். குனிந்து தவழ்ந்து மேலே வந்ததும் எல்லாரையும் மர பெஞ்சில் உட்காரவைத்து, அன்று போராளிகள் தின்றது இதுதான் என்று ஒரு தட்டை வைத்தார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கு, மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி. தொட்டுக்கொள்ள இடித்த கடலையும் உப்பும். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரப் பெண் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நார் எடுத்துப் பழகிய கை, அவளுக்கும் சேர்த்து நடு நாரை உருவிக் கொடுத்தேன்.

ராத்திரி பத்தரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். பயணம் எப்படி, அறை எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. “என்ன தின்ன?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“இதத் தின்னவா மக்களே ரெண்டு பிளேன் மாறிப் போன? நம்ம வெளையில இல்லாத கெழங்கா?”